கிங் என்கிற வைரவன்

கிள்ளான், சிம்பாங் லீமா
12 ஜூலை 1987

முனீஸ்வரர் துணை

சிரஞ்சீவி இராமலிங்கத்துக்கு அத்தை வீரம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கிறது. முழங்கால் வலி ஒண்ணுதான், மத்தபடி சாமி புண்ணியத்துல நடமாடிக்கிட்டு இருக்கேன். நீ, உன் பொண்டாட்டி ரமணி, புள்ள கோமதி மூணு பேரும் எப்படி இருக்கீங்கன்னு ரெண்டு வரி போடு.

சனிக்கிழமை நீ வந்துட்டுப் போனதுலேருந்து மனசு ஒரு மாதிரியா இருக்கு. அத்தை வீட்டுக்கு வந்தவன் உள்ள காலு கூட வைக்கலையே. வேன்லேருந்து நாய இறக்குன. சங்கிலிய கேட்டுல கட்டுன. "கிங்குன்னு கூப்பிடுங்க அத்தை, வீட்டுக்குக் காவலா இருக்கும்"னு சொன்ன. போயிட்ட. அடுப்புல காப்பித் தண்ணி கொதிச்சிக்கிட்டே கெடந்துச்சு. போன மாசம் திருடன் பூந்து குத்துவிளக்கத் தூக்கிக்கிட்டுப் போனதக் கேட்டு நீ பதறிட்ட, அது புரியுது. அண்ணன் மகன்தானே பாக்கணும், எனக்கு வேற யாரு இருக்கா.

ஆனா லிங்கம், காவலுக்கு ஊருக்குள்ள திரியிற ஒரு கம்பத்து நாய்க்குட்டி பத்தாதா? இது குதிரைக் குட்டி மாதிரி என் இடுப்பு உசரம் நிக்குது. டோபர்மேன்னு சொன்ன, வாயில நுழையல. வால வேற ஒட்ட வெட்டி விட்டிருக்காங்க. சந்தோசம் வந்தா எதை ஆட்டும், பாவம்? பின்பக்கம் மொத்தத்தையும் சேத்து ஆட்டுது.

மொத நாளு கிட்டப் போகவே பயந்தேன். மறுநாள் காலையில சாமி கும்புட்டுட்டு திருநீத்துத் தட்டோட வெளிய வந்தேன். நிமிந்து பாத்துச்சு. கறுத்த மூஞ்சி, ரெண்டு கண்ணுக்கு மேலயும் சந்தனப் பொட்டு வச்ச மாதிரி பழுப்பா ரெண்டு புள்ளி. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. வைரவருக்கு வாகனமே நாய்தானே. இனிமே கிங்கும் இல்ல மந்திரியும் இல்ல, நான் வைரவன்னுதான் கூப்பிடுறேன். கூப்பிட்டா வருது.

கோமதிய ஏன் கூட்டிக்கிட்டு வரல? நாயப் பிரிய அழுவும்னு சொன்ன. அழட்டுமே, மடியில போட்டுக்க நான் இல்லையா?

ரமணியோட கேஸ்ட்ரிக்குக்கு வெந்தயம் ஊற வச்சிக் குடிக்கச் சொல்லு. முனீஸ்வரர் உங்க வாசல்ல நின்னு பாத்துக்கட்டும்.

அத்தை வீரம்மா


பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே குவார்ட்டர்ஸ்
24 ஜூலை 1987

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் தேயுங்கள்.

அன்றைக்கு அவசரமாகக் கிளம்பியதற்கு மன்னியுங்கள். வேனை நண்பரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கிங் விஷயமாகச் சில சொல்ல வேண்டும். பகலில் கட்டியே வையுங்கள். அது சாப்பிடும்போது பக்கத்தில் போக வேண்டாம். சின்னப் பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்தால் கண்டிப்பாகக் கட்டிவிடுங்கள். மறக்காதீர்கள்.

கோமதி நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள். உங்களைக் கேட்டதாகச் சொன்னாள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
இராமலிங்கம்


கிள்ளான்
2 செப்டம்பர் 1987

வைரவர் துணை

லிங்கம், அத்தை ஆசீர்வாதம். தைலம் வந்துச்சு. தேய்ச்சா காந்துது, ஆனா கோயில் படி ஏற முடியுது. அங்க எல்லாரும் சொகந்தானே?

கட்டு கட்டுன்னு எழுதியிருந்த. நீ சொன்னியேன்னு ரெண்டு வாரம் கட்டித்தான் வச்சேன். நாளெல்லாம் முனகுறான். ஜெயில்ல போட்ட பிள்ளை மாதிரி. கேக்க முடியாம அவுத்துட்டேன். சாமி அறை வாசல்ல வந்து படுத்துக்கிறான், உள்ள மட்டும் வரமாட்டான். மணி அடிச்சா காது நிமிருது. யாரு சொல்லிக் குடுத்தாங்க?

உனக்கு ஒரு சந்தோச சேதி சொல்லணும். பக்கத்து வீட்டு லெட்சுமி இருக்கால்ல, புருசன் லோரி ஓட்டுறானே, அவளுக்கு ஷா ஆலம் பேக்டரில வேலை கெடைச்சிருக்கு. நாலு வயசு மக வாசுகிய பகல்ல என்கிட்ட விட்டுட்டுப் போறா. எனக்குத்தான் சாமி குடுக்கல, உனக்குத் தெரியும். ஒன் மாமா போனதுலேருந்து இந்த வீட்டுல ரேடியோவத் தவிர வேற சத்தம் இல்ல. இப்ப வந்து பாரு, செவுரெல்லாம் கரிக்கோடு. நான் தேவாரம் சொன்னா அதுவும் மழலையில சொல்லுது. மேரி பிஸ்கட்ட பாதி கடிச்சிட்டு மீதிய வைரவன் வாயில வைக்குது. அவன் உதட்டாலயே வாங்கிக்கிறான், பல்லு படாம.

எதுத்த வீட்டு ரெங்கசாமி அண்ணே துறைமுகத்துல வாட்ச்மேனா இருந்தவரு, உலகத்துல அவருக்குத் தெரியாதது இல்ல. "வீரம்மா, இந்த ஜாதி நாய்க்கு வயசு ஆவ ஆவ மூளை வளந்துக்கிட்டே போவும், மண்டை ஓடு பத்தாது, பைத்தியம் புடிச்சி எசமானையே கடிக்கும், ஜாக்கிரதை"ன்னு பயமுறுத்துறாரு. "அப்படியா அண்ணே, உங்களுக்கு அந்தக் கவலையே வராது, எடம் நெறைய இருக்கு"ன்னேன். ரெண்டு நாளா பேசல மனுசன். நேத்து வந்து பேப்பர் கடன் கேட்டாரு.

கோமதிக்கு என் முத்தம். எல்லாரும் நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குங்க.

அத்தை வீரம்மா


பிரிக்பீல்ட்ஸ்
9 செப்டம்பர் 1987

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதம் கண்டதும் எழுதுகிறேன். நாங்கள் சுகம். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது?

அந்தக் குழந்தையைக் கிங் பக்கத்தில் விடாதீர்கள். தயவுசெய்து. பிஸ்கட் கொடுப்பது, கூட விளையாடுவது எதுவும் வேண்டாம். இதோடு ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன், படியுங்கள். வெளிநாட்டில் ஒரு டோபர்மேன் பல வருஷம் வீட்டோடு இருந்த பிறகு ஒரு பிள்ளையைக் கடித்திருக்கிறது. அந்த ஜாதியே அப்படித்தான் அத்தை. நாம் என்னதான் பாசமாக வளர்த்தாலும் ரத்தத்தில் இருப்பது எங்கே போகும்? காவலுக்கு வைத்திருக்கலாம். குழந்தைகளோடு வைக்கக் கூடாது.

லெட்சுமி வேறு யாரிடமாவது பிள்ளையை விட முடியாதா?

பதில் போடுங்கள்.

இராமலிங்கம்


கிள்ளான்
4 அக்டோபர் 1987

வைரவர் துணை

லிங்கத்துக்கு அத்தை எழுதறது. பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறேன். அங்க மழை எப்படி? இங்க வீட்டு முன்னாடி வாய்க்கா ரொம்பி வழியுது.

நீ அனுப்புன பேப்பரப் படிச்சேன். ஒரு விசயம் மட்டும் எனக்கு வெளங்கல. அந்த ஜாதியே கெட்ட ஜாதின்னா, அதை ஏன் கொண்டாந்து என் கேட்டுல கட்டிட்டுப் போன? இதுக்கு மட்டும் பதில் எழுது.

ரத்தம்னு எழுதியிருக்க. உன் தாத்தா தோட்டத்துல கணக்குக் கிராணிய பாராங் கத்தி எடுத்து வெட்டப் போனவரு. உங்கப்பன், என் அண்ணன், எறும்ப மிதிச்சாலும் உச்சு கொட்டுவான். ஒரே ரத்தம்தானே?

வெள்ளிக்கிழமை கோயில்ல பேச்சு வாக்குல இதை எடுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. தனலெட்சுமி அக்கா, "எங்க வீட்டுலயும் இந்த ஜாதி இருந்துச்சு, பூனைய கண்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்"னாங்க. பூசாரி, போன ஜென்மத்துல செஞ்சதுன்னாரு. தேங்கா வாங்க வந்த ரெங்கசாமி அண்ணே வெளிய நின்னுக்கிட்டே "மூளை, மூளை"ன்னு கத்துறாரு. பஜனை ஆரம்பிக்கவே நேரமாயிப் போச்சு.

நான் சொல்றேன், கேளு. ஜாதியும் இல்ல ஜென்மமும் இல்ல. எல்லாம் வயித்துக்குள்ள போறதுதான். கறி தின்னா கோவம் வருது, ஒன் மாமாவ பாத்தவ நான். இது புரட்டாசி. இந்த வீட்டுல நானும் சைவம், வைரவனும் சைவம். தயிர்ச்சோறு, பருப்பு, சனிக்கிழமைன்னா சக்கரப்பொங்கல். மொத நாளு தட்ட மோந்து பாத்துட்டு என்னையப் பாத்தான். அந்தப் பார்வைய நீ பாக்கணும். இப்ப வழிச்சி நக்குறான். கொஞ்சம் எளச்சிட்டான், ஆனா கொணம் தங்கமா இருக்கு.

தீபாவளிக்குக் கண்டிப்பா வந்துடுங்க. கோமதிக்கு மாம்பழக் கலருல பாவாடத் துணி எடுத்து வச்சிருக்கேன். ஒசரம் எவ்வளவுன்னு ஒரு நூலுல அளந்து அனுப்பு, தச்சி வச்சிடுறேன். அதைப் பாத்து ஒரு வருசம் ஆவப் போவுது.

நல்லது நெனச்சி நல்லா இருங்க.

அத்தை வீரம்மா


பிரிக்பீல்ட்ஸ்
17 அக்டோபர் 1987

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தீபாவளிக்கு வர இயலாது போலிருக்கிறது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. கோமதிக்கும் உடம்பு சரியில்லை, காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை. பாவாடைக்கு அளவு பிறகு அனுப்புகிறேன்.

நாய்க்கு விரதம் வேண்டாம் அத்தை. முட்டையாவது கொடுங்கள். பசியோடு இருக்கும் நாயைக் குழந்தை பக்கத்தில் வைக்காதீர்கள்.

தீபாவளி வாழ்த்துகள்.

இராமலிங்கம்


கிள்ளான்
15 நவம்பர் 1987

முனீஸ்வரர் துணை

லிங்கம், ஆசீர்வாதம். கோமதிக்குக் காய்ச்சல் விட்டுச்சா? அதைக்கூட எழுதாம ஒரு மாசம் ஆச்சு.

தீபாவளி வந்துச்சு, போச்சு. எண்ணெ தேச்சிக் குளிச்சேன், சாமிக்குப் படைச்சேன், ஒத்தையா உக்காந்து சாப்பிட்டேன். லெட்சுமி வீட்டுக்குப் போனா அவ புருசன் வீட்டு ஆளுங்க நெறைய. வந்துட்டேன். உங்களுக்குன்னு சுட்ட முறுக்கு டின்னுல அப்படியே இருக்கு. ரெங்கசாமி அண்ணே பல்லு இல்லாட்டியும் தெனம் ஒண்ணு ஊற வச்சித் தின்னுட்டுப் போறாரு.

கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவுல என்ன கடலா இருக்கு? ஒரு பஸ். ஒரு மணி நேரம். நான் என்ன தப்புப் பண்ணேன்னு எனக்குத் தெரியல. நாய்க்குச் சோறு போட்டதுல தப்பா, இல்ல ரத்தம் அது இதுன்னு எதுத்துப் பேசிட்டேனா? வயசானா வாய் கட்டுப்பட மாட்டேங்குது. தப்புன்னா சொல்லிடு, போவட்டும். இப்படி நாலு வரி எழுதி என்னைய தள்ளி வைக்காத. அலுப்பா இருக்கு சாமி.

நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். வர்ற மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வைரவன ரெங்கசாமி அண்ணே பாத்துக்கிட்டா, நானே பஸ்ஸு ஏறி வந்துடுறேன். கோமதிய பாத்தாத்தான் மனசு ஆறும். வாசுகி தலைமாட்டுல அவன் படுத்திருக்க, ரெண்டும் ஒரே பாயில மத்தியானத் தூக்கம் தூங்குதுங்க. அதைப் பாக்கும்போதெல்லாம் நம்ம புள்ள நெனப்புதான் வருது.

ஒடம்ப பாத்துக்கங்க எல்லாரும்.

அத்தை வீரம்மா


பிரிக்பீல்ட்ஸ்
26 நவம்பர் 1987

அன்புள்ள அத்தைக்கு ரமணி எழுதுவது.

உங்கள் முழங்காலும் பிரஷரும் எப்படி இருக்கின்றன? எனக்கு வயிறு பரவாயில்லை. வெந்தயம் கேட்கிறது.

உங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. இவருக்குத் தெரியும். "நான் எழுதப்போகிறேன்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மே மாதம் கிங் கோமதியைக் கடித்துவிட்டது அத்தை. இடது கன்னத்தில். கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. தையல் போட்டார்கள். இப்போது ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இருக்கிறது. சிரித்தால் இழுக்கிறது. அதனால்தான் உங்கள் கண்ணில் அவளைக் காட்டவில்லை. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

எப்படி நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். கோமதி, "நான்தான் அவன் காதைப் பிடித்து இழுத்தேன்" என்கிறாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இழுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் உருண்டது, எடுக்கக் குனிந்தாள், அவ்வளவுதான். குட்டியிலிருந்து அவளோடு வளர்ந்த நாய். அவனைக் காப்பாற்ற எட்டு வயதுப் பிள்ளை பொய் சொல்கிறது.

பெரியவர்கள் நாங்கள் அதைவிடப் பெரிய பொய் சொன்னோம். உண்மையைச் சொன்னால் கிங்கைக் கொன்றுவிடுவார்கள் என்று கோமதி சோறு தண்ணீர் இல்லாமல் அழுதாள். அதனால் ஆஸ்பத்திரியில், தெருநாய் கடித்தது என்று சொல்லிவிட்டோம். அடுத்த வாரம் மாநகராட்சி ஆட்கள் வந்து குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் திரிந்த தெருநாய்களைச் சுட்டார்கள். கோமதி மீதிச் சோறு போடுகிற நாய்கள். சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

அதற்குப் பிறகு கிங்கை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. வாங்கிக்கொள்ளவும் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை என்றுதான் இவர் அங்கே கொண்டுவந்து விட்டார். வாசுகி வருவாள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகாவது சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கடிதத்தை எழுதுவார், கிழிப்பார், பிறகு பத்திரிகைத் துண்டைத் தேடுவார்.

அந்தக் குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

ரமணி


கிள்ளான்
10 டிசம்பர் 1987

ரமணிக்கு அத்தை எழுதறது.

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. எழுதத்தான் தெம்பு இல்லாம இத்தனை நாளு போட்டு வச்சிருந்தேன்.

உன் கடுதாசிய கேட்டுலயே நின்னு படிச்சேன். பாதி படிக்கும்போதே உள்ள திரும்பிப் பாத்தேன். வாசுகி அவன் முதுகுல சாஞ்சிக்கிட்டு அவன் காதுக்குள்ள என்னமோ ரகசியம் சொல்லிக்கிட்டு இருக்கு. எனக்குக் கத்தவும் முடியல. "வாசு, இங்க வாம்மா, அத்தை மிட்டாய் தர்றேன்"னு மெதுவா கூப்பிட்டேன். எந்திரிச்சி வந்துச்சு. தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டுப் போயி சங்கிலிய மாட்டுனேன். கொக்கி விழ மாட்டேங்குது. மாட்டுற கைய அவன் நக்குறான்.

சாயங்காலம் லெட்சுமி வந்தா. சொல்லாம இருக்கலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன், பொய் சொல்லப்படாது. பேக்டரி சட்டைய கூட மாத்தாம நின்னவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் ஆன்டி?"ன்னா.

"இன்னைக்குத்தாம்மா."

"சும்மா சொல்லாதீங்க லா. உங்க சொந்தக்காரன் நாயி, உங்களுக்குத் தெரியாதா? இத்தனை மாசம் எம்புள்ளைய பக்கத்துல படுக்க வச்சிருக்கீங்க!"

"என் அப்பன் முருகன் மேல ஆணை, எனக்குத் தெரியாது."

"முருகன விடுங்க ஆன்டி. எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா முருகனா வருவாரு?"

தூக்கிக்கிட்டுப் போயிட்டா. வாசுகி அவ தோளுக்கு மேல எட்டிப் பாத்து, "வைவா டாட்டா"ன்னுச்சு. மறுநாள்லேருந்து ரெண்டு வீடு தள்ளி ஒரு சீனத்தி அம்மாகிட்ட விடுறா. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. அவ எடத்துல நான் இருந்தா செருப்பக் கழட்டியிருப்பேன்.

லிங்கத்துக்கிட்டச் சொல்லு. மகளுக்காகச் செஞ்சான், அது எனக்குப் புரியுது. அத்தை கடிபட்டாலும் பரவாயில்லன்னு நெனச்சிருக்க மாட்டான், அதுவும் தெரியும். ஆனா ஜாதி, ரத்தம், வெளிநாடுன்னு எவ்வளவு எழுதுனான்! "அத்தை, எம்புள்ளைய கடிச்சிடுச்சு"ன்னு ஒரு வரி எழுத அவனுக்குக் கை வரலையே. அந்த ஒரு வரி தெரியாமத்தான் நான் ஊரெல்லாம் சண்டை புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்.

சுட்டுப் போட்டாங்களே அந்தத் தெருநாய்ங்க, அதுகளுக்கு ஒரு வெளக்கு ஏத்தினேன். ஜாதி இல்லாத நாயி, கேக்க ஆளு இல்ல.

ரமணி, அவன் மாறல. அதே தயிர்ச்சோறு, அதே மணிச் சத்தத்துக்குக் காத நிமித்துறான். நான்தான் மாறிட்டேன். சோத்துத் தட்ட வச்சிட்டு இப்ப அவன் வாயையே பாக்குறேன். அவனும் நான் பாக்குறதப் பாக்குறான்.

கோமதிய என்கிட்ட மறைக்காதீங்க. தழும்பு இருந்தா என்ன, என் புள்ள.

அத்தை வீரம்மா


பிரிக்பீல்ட்ஸ்
3 ஜனவரி 1988

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி நலம் விசாரிப்பது என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

ரமணி உங்கள் கடிதத்தைக் கொடுத்தாள். பதில் எழுத உட்கார்ந்து எழுந்து இத்தனை நாளாகிவிட்டது. நான் செய்தது தப்பு. வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் இனி இந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். தைப்பூசம் முடிந்ததும் நான் வேனோடு வந்து கிங்கைக் கூட்டிப்போகிறேன். இங்கே ஒரு மிருக வைத்தியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், ஊசி போட்டுவிடுவார். வலிக்காதாம். நீங்கள் என்ன சொன்னாலும் என் மனசு ஒப்பவில்லை அத்தை, அந்த ஜாதியை நம்ப முடியாது.

கோமதியிடம் மட்டும் இதைச் சொல்ல முடியாது. கிள்ளானில் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது, யாரோ நல்லவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இராமலிங்கம்


கிள்ளான்
7 பிப்ரவரி 1988

லிங்கத்துக்கு அத்தை எழுதறது. நான் இருக்கேன். நீங்க மூணு பேரும் சொகமா இருக்கணும்.

வேன் கொண்டு வராத. வேலை முடிஞ்சிடுச்சு.

நடந்ததச் சொல்றேன். போன வாரம் துணி காயப்போட பின்னாடி போனேன். வாசுகி நிக்குது. சீனத்தி அம்மா அசந்த நேரம் பாத்து வேலித் தகரத்தத் தள்ளிக்கிட்டு வந்திருக்கு. கையில பாதி பிஸ்கட்டு. வைரவன் சங்கிலி இழுக்குற வரைக்கும் வந்து நிக்கிறான், புள்ள அவன் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கு. நான் ஓடுனேன், வாளி தடுக்கி முட்டி போட்டு விழுந்தேன். விழுந்த எடத்துலேருந்து பாக்குறேன். உதட்டால பிஸ்கட்ட வாங்குறான். பின்பக்கத்த ஆட்டுறான். அது சிரிக்குது.

ஒண்ணுமே நடக்கல லிங்கம். ஆனா அந்தப் புள்ள திரும்ப வரும். தகரத்த ஆணி அடிச்சா வேற ஓட்டை கண்டுபுடிக்கும். உன் பொண்டாட்டி அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே நடந்துச்சே. நான் அம்பத்தாறு வயசுக்காரி, முட்டி வேற போச்சு, எத்தனை நாளைக்குக் காவல் இருப்பேன்? எனக்குக் காவலா அவன விட்டுட்டுப் போன. கடைசியில நான்தான் அவனுக்குக் காவல்.

யாருக்காவது குடுத்துடலாம்னு ரெங்கசாமி அண்ணே சொன்னாரு. குடுத்தா சொல்லணும். சொன்னா எவன் வாங்குவான்? சொல்லாம குடுக்குறதுக்கு நம்ம குடும்பத்துல ஒரு ஆளு போதும்.

வியாழக்கிழமை மிருக டாக்டருகிட்டப் போக ரெங்கசாமி அண்ணே வேன் ஓட்டுனாரு. வைரவன் ஏற மாட்டேன்னு நாலு காலயும் ஊனிக்கிட்டான். நான் ஏறி உக்காந்தேன், ஏறிட்டான். டாக்டரு சின்னப் பொண்ணு, மலையாளத்துப் பொண்ணு. தலைய தடவிப் பாத்துட்டு, "ஆன்டி, இது நல்ல நாயி லா. உங்கள கடிச்சிதா?"ன்னுச்சு.

"என்னைய கடிக்கல."

"வேற யாரையாச்சும்?"

"ஒரு தடவை. ஒரு புள்ளைய. மூஞ்சில."

"என்ன பண்ணுச்சு அந்தப் புள்ள?"

"ஒண்ணும் பண்ணல."

நான் கேட்டேன், "நீ படிச்சவ, சொல்லும்மா, இந்த ஜாதியே இப்படித்தானா?"ன்னு.

"பெரிய பல்லு, பெரிய காயம், ஆன்டி. அது மட்டும் எனக்குத் தெரியும். இந்த நாயி மனசுல என்ன இருக்குன்னு ஜாதியப் பாத்து நான் எப்படிச் சொல்ல?"

ரெங்கசாமி அண்ணே மூளை பத்தி ஏதோ ஆரம்பிச்சாரு. அப்புறம் அவரே நிறுத்திக்கிட்டாரு. வெளிய போயி நின்னு மூக்கச் சிந்துனாரு.

தலைய என் மடியில வச்சிக்கிட்டேன். திருநீறு பூசிவிட்டேன். ஊசி போட்டுச்சு. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு, நீ எழுதுன மாதிரி. வலிச்சிதா இல்லையான்னு நமக்கு என்ன தெரியும். வைரவர் வாகனத்த நான் கொன்னுருக்கேன். அந்தப் பாவம் உனக்கு வேணாம், நான் அவருகிட்டப் பேசிக்கிறேன். இன்னும் பேசல. சாமி அறைக்கு வெளக்கு வைக்கப் போனா வாசல்ல யாரையோ தாண்டுற மாதிரி காலத் தூக்கி வைக்குறேன்.

இந்த ஜாதி கெட்ட ஜாதின்னு நான் இப்பவும் ஒத்துக்க மாட்டேன். நீ அப்படி நெனைக்காதேன்னும் சொல்ல மாட்டேன். அதப் பத்திப் பேச எனக்குத் தெம்பு இல்ல.

லெட்சுமிகிட்டப் போயி சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயிட்டா. வாசுகிய அனுப்பல. அனுப்புவான்னு நெனச்சி நான் செய்யல.

இனி உன் வேலை ஒண்ணு இருக்கு. கோமதிய உக்கார வச்சி நீயே சொல்லு. ரமணிய சொல்லச் சொல்லாத. கிள்ளான் அத்தை கொன்னுட்டாங்கன்னு சொல்லு. அது என்னைய வெறுத்தாலும் வெறுக்கட்டும், இங்க கூட்டிக்கிட்டு வந்தா என் மூஞ்சிய பாத்துக் கேக்கட்டும், பதில் சொல்றேன். ஓடிப்போச்சுன்னு மட்டும் சொல்லாத லிங்கம்.

அத்தை வீரம்மா